அனலாக் டிலே பெடல் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்னதாக ஓர் அனலாக் டிலே பெடல் (கிட்டார் ஒலியைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாகத் திருப்பித் தரும் கால்பெட்டி) வேண்டும், எதை எடுக்கலாம் என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பாதி முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தப் பாதியில்தான் கோளாறு இருக்கிறது. நாங்களெல்லாம் தொடக்கத்தில் விழுந்த அதே பள்ளங்களில் இவர்களும் வரிசையாக விழுகிறார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் எழுதுகிறேன். நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள், வாசித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி, விட்டுவிடுவோம்.

அதிக மில்லி நொடி, அதிக நல்ல பெடல்

பணத்தைத் தின்னும் தவறு இதுதான். இன்றைக்கும் யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. ஒரு பெடலில் எதிரொலியின் அதிகபட்சத் தாமதம் 300 மில்லி நொடி என்று போட்டிருக்கும், இன்னொன்றில் 600. அப்படியானால் இரண்டாவதுதான் லாபம் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். டிஜிட்டல் டிலேயில் அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். அனலாக்கில் செல்லாது.

காரணம் உள்ளே இருக்கும் சிப். பிபிடி எனப்படும் பக்கெட் பிரிகேட் சிப், 1969-இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் உருவானது. வரிசையாக நிற்கிறவர்கள் தண்ணீர் வாளியைக் கைமாற்றுவது மாதிரி, கிட்டார் சிக்னல் துளித்துளி மின்னூட்டமாக ஆயிரக்கணக்கான படிகளைக் கடந்து மறுமுனைக்கு வருகிறது. எந்த வேகத்தில் கைமாற வேண்டும் என்பதை ஒரு கிளாக் (சீராகத் துடிக்கும் மின்துடிப்பு) தீர்மானிக்கிறது. தாமதம் நீள வேண்டுமென்றால் படிகளைக் கூட்ட வேண்டும், அல்லது கிளாக்கை மெதுவாக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

4096 படிகள் கொண்ட ஒரே சிப்பில் 300 மில்லி நொடி எடுக்க, கிளாக் ஏறத்தாழ 6.8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். அதில் பாதியான 3.4 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிய ஒலி எதுவும் உருப்படியாக மறுமுனை போய்ச் சேராது. அதனால் அதற்கும் கீழேயே ஃபில்டர் வைத்து வெட்டிவிடுகிறார்கள். அதே சிப்பில் 600 கேட்டால் மிஞ்சுவது 1.7 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிய முணுமுணுப்பு. இரண்டு சிப்பைத் தொடராக வைத்தால் தெளிவு திரும்பும், கூடவே இரைச்சலும் ஏறும். பானசோனிக்கின் எம்என்3005 சிப்புக்கு விவரத்தாளில் கொடுத்திருந்த உச்சமே 204.8 மில்லி நொடிதான். 1981-இல் வந்த பாஸ் டிஎம்-2 பெடல் அதை 300 வரை இழுத்துவிட்டு, அத்தோடு நிறுத்திக்கொண்டது. சோம்பேறித்தனத்தால் அல்ல.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான பெடல்களில் அந்த ஃபில்டர் நகராது. மிக நீண்ட தாமதத்துக்கு எவ்வளவு வெட்ட வேண்டுமோ அவ்வளவையும் வெட்டி, நிலையாக வைத்திருப்பார்கள். ஆகவே 600 வரை போகும் பெடலை நீங்கள் 120-இல் வைத்து வாசித்தாலும், அந்த 600-க்கான இருட்டு கூடவே வரும். நீங்கள் பயன்படுத்தாத நீளத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கிறீர்கள் என்பது இதனால்தான்.

ஒரு பையன் இசைக்குழு ஒத்திகைக்கு இப்படியொரு பெடலோடு வந்தான். தாமதத்தை நீட்டும் டைம் குமிழ் முழுக்க வலப்பக்கம், எதிரொலி எத்தனை முறை திரும்ப வேண்டும் என்பதற்கான ரிப்பீட் குமிழ் முக்கால்வாசி. முதல் எதிரொலி கிட்டார் மாதிரி இருந்தது. மூன்றாவது, அடுத்த அறையில் யாரோ சுவரைக் குத்துகிற சத்தம். டிரம்மர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். கடைக்குப் போய்ப் பையன் என்ன செய்தான் தெரியுமா? நீளம் போதவில்லை என்று முடிவுகட்டி, அதை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு, அதைவிட நீளமான இன்னொரு அனலாக் பெடலை வாங்கி வந்தான். அதே குத்து, இன்னும் தள்ளிய அறையிலிருந்து. டைம் குமிழைப் பிடித்துக் கால்வாசிக்கு இறக்கி, ரிப்பீட்டை இரண்டு மூன்றோடு நிறுத்தி, இப்போது லீட் (தனியாக ஒலிக்கும் மெட்டு) வாசி என்றேன். வாசித்துவிட்டு, "அண்ணா, எதிரொலி தனியாகவே கேட்கலையே, ஆனால் கிட்டார் பெரிசாயிடுச்சு" என்றான். அனலாக் டிலேயை வாங்குவதே அதற்காகத்தானப்பா!

கணக்கைப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். 60,000-ஐ பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்) வகுத்தால் ஒரு தாளத் தட்டுக்கு எத்தனை மில்லி நொடி என்பது வந்துவிடும். 120 பிபிஎம் என்றால் 500. அதில் டாட்டட் எய்த், அதாவது முக்கால் தட்டு, 375. ஸ்லாப்பேக் எனப்படும் சட்டென்று திரும்பும் குறுகிய எதிரொலிக்கு 80 முதல் 150 வரை போதும். லீடைத் தடிமனாக்க 300 வரை தாராளம். உங்கள் வேலை இதற்குள் அடங்கினால் 300 மில்லி நொடிப் பெடலே உங்களுக்கு ராஜா. டாட்டட் எய்த்தில் ஒவ்வொரு தட்டும் நறுக்கென்று தனித்தனியாக விழ வேண்டும் என்றால் உங்களுக்குத் தேவை டிஜிட்டல் டிலே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெட்டியில் 'அனலாக்' என்று இருந்தால் அனலாக்தான்

இல்லை. பிடி2399 என்ற சிப்பை வைத்துக்கொண்டு அனலாக் என்று விற்கப்படும் பெடல்கள் ஏராளம். அது டிஜிட்டல் சிப். மோசம் என்று சொல்லவில்லை, இதமாகவே ஒலிக்கும்; நீளம் கூடும்போது கரகரப்பதும் ஒரு ருசிதான். ஆனால் பிபிடி என்று நினைத்துப் பணம் கொடுத்திருந்தால் ஏமாற்றம். எம்என்3005, எம்என்3205, வி3205 போன்ற பிபிடி சிப்புகளில் எது உள்ளே இருக்கிறது என்று கேளுங்கள். விற்பவர் "வார்ம் டோன் சார்" என்று மட்டும் பதில் சொன்னால் புரிந்துகொள்ளுங்கள்.

எஃபெக்ட்ஸ் லூப்பைப் பார்க்காமல் வாங்குவது

டிஸ்டார்ஷன் ஆம்பிலிருந்தே வருகிறதென்றால் டிலே அதற்குப் பின்னால், லூப்பில் (ஆம்பின் நடுவே பெடலைக் கோக்க உள்ள வெளியே-உள்ளே இணைப்பு) உட்கார வேண்டும். சில ஆம்ப்களின் லூப் லைன் லெவலில், அதாவது கிட்டாரைவிட வலுவான சிக்னலாக, அனுப்பும். கிட்டார் அளவுக்கு வடிவமைத்த பிபிடி பெடலுக்கு அது அதிகம், எதிரொலி நொறுங்கிப் போகும். குறையைப் பெடல்மேல் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். ஆம்பின் பின்பக்கம் −10, +4 என்று ஸ்விட்ச் இருந்தால் முதலில் சிக்னல் குறைவான −10-க்குத் தள்ளிப் பாருங்கள்.

ட்ரூ பைபாஸ் மோகம்

ட்ரூ பைபாஸ் என்றால், அணைத்ததும் சிக்னல் பெடலின் சுற்றைத் தொடாமல் நேரே போய்விடும். அதனால் காலை வைத்து அணைத்த நொடியில் எதிரொலி துண்டாக அறுபடும். எதிரொலியின் வால் தானாகக் கரைந்து முடிய வேண்டுமென்றால், அணைத்தாலும் சிக்னல் சுற்றின் வழியாகவே போகும் பஃபர் பைபாஸ் பெடல்களில் வாலை அப்படி விடுவதைத் தேடிக் கேட்டுப் பாருங்கள்.

எல்லாப் பெடலுக்கும் ஒரே அடாப்டர்

டிஜிட்டல் பெடலோடு ஒரே வயரில் கோத்தால் கீச்சென்று ஒரு விசில் வரலாம். அனலாக் டிலேக்குப் பவர் சப்ளையில் தனி அவுட்புட் கொடுங்கள். அப்புறம், வோல்ட்டும் பிளஸ்-மைனஸ் முனையும் பெடலில் எழுதியிருக்கிறபடிதான்.

மினி சைஸ்

பாட்டின் நடுவே காலால் டைம் குமிழைத் திருப்புகிற ஆளா? மினி பெடல் வேண்டாம்.

பழைய பெடலில் உள்திருகை நோண்டுவது

உள்ளே இருக்கும் சின்னத் திருகுகள் எல்லாம் ஒன்றல்ல. எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பி பெடலில் மாடுலேஷனின் (எதிரொலியில் வரும் அசைவு) அளவுக்கும் வேகத்துக்கும் உள்ளவற்றை நீங்களே திருப்பலாம். பிபிடியின் பயஸுக்கு (சிப் சரியாக இயங்க வைக்கும் மின்னழுத்த அளவு) உள்ளதைத் தொடாதீர்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது ரிப்பீட் குமிழை மெல்ல ஏற்றிப் பாருங்கள். கடைசிப் பகுதியில் ஊளையிடத் தொடங்கினால் பொதுவாகச் சரி. பாதியிலேயே ஊளையிட்டாலோ, எதிரொலி வருவதே கரகரப்பாக இருந்தாலோ முந்தையவர் உள்ளே கைவைத்திருக்க வாய்ப்புண்டு. அதைச் சரிசெய்ய ஆசிலோஸ்கோப் (சிக்னலின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) வைத்திருக்கும் ஆள் வேண்டும். அவருக்கான கூலியையும் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.