அரசியல் கார்ட்டூன் கண்காட்சி வைக்கப் போகிறவர்களுக்கு

ஊர் நூலகத்தில் நண்பர்களோடு சேர்ந்து பழைய அரசியல் கார்ட்டூன்களைக் காட்சிக்கு வைத்து வருகிறேன். எப்படித் தொடங்குவது என்று கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்: படத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். பத்திரிகையின் பெயர், தேதி, பக்கத்துச் செய்தி எல்லாம் தெரிகிற மாதிரி முழுப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். அந்த வாரத்துச் செய்தி தெரியாவிட்டால் கார்ட்டூன் ஊமைப் படம்தான்.

அதனால் விளக்க அட்டைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 1975 டிசம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸில் வந்த அபு ஆபிரகாமின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது குளியல் தொட்டியில் கிடந்தபடியே கையெழுத்துப் போட்ட தாளைக் கதவிடுக்கில் நீட்டுகிறார். இன்னும் அவசரச் சட்டங்கள் இருந்தால் காத்திருக்கச் சொல்லுங்கள் என்கிறார். இதற்கு “குடியரசுத் தலைவரைக் கிண்டல் செய்யும் படம்” என்று எழுதி என்ன பயன்? “1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் இவர் கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடி ஒப்புதல் தந்தது மறுநாள் காலையில்தான்.” இவ்வளவு போதும். பார்க்கிறவர் தொட்டியை இன்னொரு தரம் பார்ப்பார், தானாகவே சிரிப்பார். சிரிப்புக்கு உரை எழுத வேண்டாம்.

தமிழ்ப் பகுதியைப் பாரதியின் ‘இந்தியா’விலிருந்து தொடங்குங்கள். 1906-இல் சென்னையில் தொடங்கிய வாரப் பத்திரிகை அது. தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கார்ட்டூனுக்கு வழி திறந்ததும் அதுதான். படத்தோடு விளக்கமும் அச்சாகியிருந்தால், அதைப் பழைய எழுத்து மாறாமல் அப்படியே வையுங்கள். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த சிரிப்புப் படத்துக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அந்த அட்டைக்குப் பக்கத்தில், பிறகு அவர் வழக்காடி ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு பெற்ற செய்தியும் இருக்கட்டும். என்னைக் கேட்டால், கதை அங்கேதான் முழுமை பெறுகிறது.

சரி, தாள் விஷயம். பழைய செய்தித்தாள் வெளிச்சம் பட்டால் பழுத்து, தொட்டாலே நொறுங்கும். லேமினேஷன் கூடவே கூடாது, செல்லோடேப்பும் வேண்டாம். சுவரில் நல்ல பிரதியை மாட்டுங்கள். ஸ்கேன் 600 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற நுணுக்கத்தில் இருந்தால் பெரிதாக்கினாலும் கோடு கெடாது. மஞ்சள் நிறத்தை வெளுத்துவிடாதீர்கள், அதுவும் அந்தப் பக்கத்தின் வயதுதான். மூலத்தையே வைத்தாக வேண்டுமென்றால் ஜன்னலிலிருந்து தள்ளி, 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கலான விளக்கில் வையுங்கள். படத்தின் நடு, தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் இருக்கட்டும்.

அப்புறம் அனுமதி. நம் சட்டப்படி ஓவியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை படத்துக்குப் பதிப்புரிமை உண்டு. அபு மறைந்தது 2002-இல். அந்த மாதிரிப் படங்களுக்குக் குடும்பத்தாருக்கோ பத்திரிகைக்கோ முதலிலேயே கடிதம் போடுங்கள். பதில் கைக்கு வந்த பிறகு அழைப்பிதழ் அச்சடிக்கலாம்.