கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் பந்தயம் கட்டப் பழகுவோருக்கு: கணக்கிலிருந்து தொடங்கும் ஒரு செய்முறை

ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி ஜனவரியில் முடியும் கல்லூரிக் கால்பந்துப் பருவத்தில், முதல் பிரிவின் மேல்தட்டில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன. ஒரே சனிக்கிழமையில் ஐம்பது ஆட்டங்களுக்கு மேல் நடப்பதும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடாமல் விடக் கற்றுக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சட்டத்தைப் பாருங்கள்

2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-ஆம் ஆண்டின் தடைச் சட்டத்தை ரத்து செய்த பிறகு, விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதா என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழர்கள் மிகுதியாக வாழும் டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் 2025 வரை இதற்கு அனுமதி கிடைக்கவில்லை. நியூ ஜெர்சியில் அனுமதி உண்டு என்றாலும், அம்மாநிலக் கல்லூரி அணிகளின் ஆட்டங்களுக்கு அது பொருந்தாது. ஆகவே அங்குள்ள எடிசன் நகரில் இருப்பவர் அம்மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸின் ஆட்டத்தைப் பார்க்கலாம், அதில் பணம் கட்ட முடியாது. இந்தியாவிலோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

2. பலகையைப் படிக்கப் பழகுங்கள்

யார் வெல்வார் என்று மட்டும் சொல்வது மணிலைன். இரு அணிகளின் மொத்தப் புள்ளிகள் குறிப்பிட்ட எண்ணைத் தாண்டுமா என்பது ஓவர்-அண்டர். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது மூன்றாவதான ஸ்பிரெடில்தான்: வலுவான அணி எத்தனை புள்ளி வித்தியாசத்தைத் தாண்டி வெல்ல வேண்டும் என்று பந்தய நிறுவனம் வைக்கும் எண் அது. 2024 செப்டம்பர் 7 அன்று வலுவான நாட்டர்டேம் அணியை நார்தர்ன் இல்லினாய் சந்தித்தபோது ஸ்பிரெட் 28.5 புள்ளிகளாக இருந்தது. நாட்டர்டேம் பக்கம் கட்டியவருக்குப் பணம் கிடைக்க அந்த அணி குறைந்தது 29 புள்ளி வித்தியாசத்தில் வென்றிருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கட்டியவருக்கோ, நார்தர்ன் இல்லினாய் 28 புள்ளியில் தோற்றிருந்தாலும் பணம் கிடைத்திருக்கும். நடந்தது வேறு: நார்தர்ன் இல்லினாய் 16–14 என்று ஆட்டத்தையே வென்றது.

இங்கே அரைப் புள்ளிக்கும் விலை உண்டு. பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 3 புள்ளி, பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் டச்டவுனும் அதைத் தொடர்ந்த உதையும் சேர்ந்தால் 7 புள்ளி என்பதால், ஆட்டங்கள் 3, 7 என்ற வித்தியாசங்களில் அடிக்கடி முடிகின்றன. நீங்கள் கட்டிய வலுவான அணி 3 புள்ளியில் வென்றால், ஸ்பிரெட் 2.5 ஆக இருந்தால் லாபம், 3 ஆக இருந்தால் கட்டிய பணம் திரும்பும், 3.5 ஆக இருந்தால் நஷ்டம்.

3. விலையைக் கணக்கிடுங்கள்

ஸ்பிரெடில் 100 டாலர் லாபம் பெற வழக்கமாக 110 டாலர் கட்ட வேண்டும். இருவர் எதிரெதிராக 110 கட்டினால் நிறுவனத்திடம் 220 சேர்கிறது. வென்றவருக்கு 210 போகிறது. மீதி 10 நிறுவனத்தின் தரகு. எனவே பாதி ஆட்டங்களைச் சரியாகக் கணித்தாலும் நஷ்டம்தான். முதலுக்கு மோசமில்லாமல் இருக்கவே 52.38 சதவீதம் வெல்ல வேண்டும்.

ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். நூறு பந்தயங்களில் 52 வெற்றி, 48 தோல்வி என்றால், வரவு 5,200, செலவு 5,280, அதாவது 80 டாலர் நஷ்டம். அதே நூறு பந்தயங்களை 105 டாலர் விலைக்குத் தரும் இடத்தில் கட்டியிருந்தால் செலவு 5,040, அதாவது 160 டாலர் லாபம். ஆட்டத்தைப் பற்றிய அறிவு துளியும் கூடாமலேயே கணக்கு தலைகீழாகிவிட்டது. கத்தரிக்காய்க்கு இரண்டு கடை ஏறி விலை கேட்பவர்கள் இதில் மட்டும் முதல் செயலியோடு நின்றுவிடுவது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பல ஆட்டங்களைக் கோத்துக் கட்டும் பார்லே வேண்டாம். மூன்று சமவாய்ப்பு ஆட்டங்களைச் சேர்த்து வெல்லும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அதற்கு நியாயமான லாபம் ஏழு மடங்கு, கிடைப்பதோ ஏறத்தாழ ஆறு மடங்கு.

4. ஒரு கான்ஃபரன்ஸை மட்டும் தேர்ந்தெடுங்கள்

எல்லா அணிகளையும் ஒருவரால் பின்தொடர முடியாது. பெரும்பாலும் தமக்குள் ஆடும் அணிகளின் குழுவே கான்ஃபரன்ஸ். மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் போன்ற சிறிய ஒன்றை எடுத்துக்கொண்டால், நவம்பரில் அதன் ஆட்டங்கள் செவ்வாய், புதன் இரவுகளிலும் நடப்பதால் நிதானமாகப் பார்க்க முடியும். அடுத்த வார ஸ்பிரெடுகள் பெரும்பாலும் ஞாயிறன்றே வெளியாகிவிடும். அவற்றைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் எண்ணைத் தாளில் எழுதிவிடுங்கள். நிறுவனத்தின் எண்ணுக்கும் உங்களுடையதற்கும் இரண்டு மூன்று புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தால், அவர்கள் அறிந்து நீங்கள் அறியாதது என்ன என்று முதலில் தேடுங்கள். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கின் காயம்தான் பெரும்பாலும் அந்த விடை. மழையைக் காட்டிலும் பலத்த காற்றே பந்தை எறிவதையும் உதைப்பதையும் அதிகம் கெடுக்கும் என்பதால், ஓவர்-அண்டரில் கட்டும் முன் காற்றின் வேகத்தையும் பார்க்க வேண்டும்.

பருவ முடிவில் சிறப்பு ஆட்டங்களாக நடக்கும் டிசம்பர் பௌல் ஆட்டங்களில் இந்தத் தயாரிப்பெல்லாம் பயனற்றுப் போகலாம். தொழில்முறை அணித் தேர்வை எதிர்நோக்கும் வீரர்களும் வேறு கல்லூரிக்கு மாறுபவர்களும் ஆடாமல் விலகிவிடுகிறார்கள். 2023 டிசம்பர் 30 அன்று, 13 ஆட்டங்களில் தோல்வியே காணாத ஃபுளோரிடா ஸ்டேட், முன்னணி வீரர்கள் பலர் இல்லாமல் ஆரஞ்ச் பௌலில் இறங்கி ஜார்ஜியாவிடம் 63–3 என்று தோற்றது. யார் களமிறங்குகிறார் என்று உறுதியாகத் தெரியாத பௌல் ஆட்டத்தை நான் தொடுவதில்லை.

தனி வீரர் எத்தனை கெஜம் ஓடுவார் என்பது போன்ற எண்ணிக்கைகள் மீதான பந்தயத்தையும் விட்டுவிடுங்கள். பணம் இழந்தவர்கள் மாணவ வீரர்களுக்கே மிரட்டல் அனுப்பும் நிலை வந்ததால், கல்லூரி விளையாட்டு அமைப்பின் தலைவர் சார்லி பேக்கர் 2024 மார்ச்சில் இவற்றைத் தடை செய்யக் கோரினார். ஒஹாயோ, மேரிலாந்து, லூயிசியானா ஆகிய மாநிலங்கள் தடை செய்தும் விட்டன.

5. தொகையை முன்கூட்டியே பிரித்து வையுங்கள்

வாடகைக்கும் கல்விக் கடனுக்கும் தொடர்பில்லாத, முழுவதும் போனாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையைப் பருவத் தொடக்கத்தில் ஒதுக்குங்கள். அது 500 டாலர் என்றால், ஒரு பந்தயத்துக்கு 5 டாலர், மிஞ்சிப் போனால் 10. மதியம் இழந்ததை இரவு ஆட்டத்தில் மீட்கத் தொகையை இரட்டிப்பாக்கினால் இந்தக் கணக்கு முழுவதும் வீணாகும். செயலியிலேயே வார வரம்பு வைக்கும் வசதி உண்டு. முதல் பந்தயத்துக்கு முன்பே அதை அமைத்துவிடுங்கள், தோற்ற பிறகு அமைக்க மனம் வராது.

6. முதல் பருவத்தைப் பணம் கட்டாமல் தாளில் ஆடுங்கள்

தேதி, ஆட்டம், நீங்கள் எடுத்த ஸ்பிரெட், விலை, காரணம், முடிவு என்று ஆறு பத்திகள் போதாது. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஸ்பிரெட் எங்கே நின்றது என்று ஏழாவது பத்தியும் வேண்டும். நீங்கள் 6.5 ஸ்பிரெடில் எடுத்த வலுவான அணிக்கு ஆட்டம் தொடங்கும்போது அது 7.5 ஆகியிருந்தால், சந்தை உங்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பொருள். நாற்பது ஆட்டங்களின் வெற்றி தோல்வி அதிர்ஷ்டத்தால் எப்படியும் அமையலாம் என்பதால், இந்த ஏழாவது பத்தியே உங்கள் கணிப்பைச் சற்று விரைவாக எடைபோட்டுச் சொல்லும்.

என் முதல் பருவத் தாளில் நாற்பதில் 19 வெற்றி இருந்தது. 110 டாலர் கணக்கில் 410 டாலர் நஷ்டம். காரணம் என்ற பத்தியைத் திரும்பப் படித்தபோது, தோற்றவற்றில் பலவற்றுக்கு எதிரே "போன வாரம் நன்றாக ஆடினார்கள்" என்று மட்டுமே எழுதியிருந்தேன். அடுத்த பருவத்தில் அந்தக் காரணத்தை மட்டும் வைத்து எந்த ஆட்டத்தையும் எடுப்பதில்லை என்று தாளின் மேலேயே எழுதிக்கொண்டேன்.