கடலோர நடைக்குழு தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படியேறி மூச்சு வாங்கிய சூட்டில், பினாங்கில் ஆண்டுதோறும் புது நடைக்குழு ஒன்றாவது முளைத்துவிடும். உடனே வாட்சாப் குழு, ஒரே நிறத்தில் டீசட்டை, கர்னி டிரைவில் படம். காலணி, தொப்பி, தண்ணீர் பற்றியெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாதவற்றைச் சொல்கிறேன்.

தனியாக நடந்து பார்த்துவிட்டு அழைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஏற்பாட்டாளர் முந்தின வாரமே போய்ப் பாதையைப் பார்ப்பார். கால் நன்றாக இருக்கும் மனிதர். சமதளம், அகலமான தரை, நல்ல காற்று. அன்று மாலையே “வீல்சேரில் வருபவர்களும் வரலாம்” என்று குழுவில் போட்டுவிடுவார்.

அண்மையில் ஒரு புதுக் குழு அப்படித்தான் அழைத்தது. ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு பாட்டி, வீல்சேர் ஏற்றும் வேனுக்குக் காசு கொடுத்து வந்தார். பாதையின் வாயிலில், மோட்டார் புகாமல் இருக்க வளைத்துப் போட்ட இரும்புத் தடுப்பு. நடப்பவர் இடுப்பைச் சற்றுத் திருப்பினால் நுழைந்துவிடலாம். நாற்காலி எப்படித் திரும்பும்? பேரனும் இன்னொருவரும் அவரோடு சேர்த்துத் தூக்கப் பார்த்தார்கள். “வேணாம்யா, விடு” என்றார் பாட்டி. மற்றவர்கள் நடந்து முடிக்கும்வரை கார் நிறுத்துமிடத்திலேயே இருந்தார். அப்புறம் அவர் வரவே இல்லை. நாங்கள் தொடங்கிய காலத்திலும் இதே கூத்துதான்.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-இலேயே வந்துவிட்டது. பொது இடங்களுக்குள் போய்வரும் உரிமை அதில் இருக்கிறது. வாயிலிலும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அளவுநாடா எடுத்துக்கொண்டு போங்கள். நேரான வழிக்கு 90 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். சரிவு 1:12-ஐவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது, 10 செ.மீ. ஏற 120 செ.மீ. நீளம். அதைவிட நல்ல வழி, ஒரு வீல்சேரை இரவல் வாங்கி, உங்களில் கனமான ஒருவரை உட்கார வைத்து, காரிலிருந்து கழிப்பறைவரை தள்ளிப் பார்ப்பது. கழிப்பறை என்றேனே, ஓகேயூ (மாற்றுத்திறனாளிகள்) கழிப்பறைக் கதவையும் திறந்து பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம்? உள்ளே வாளியும் துடைப்பமும்தான் குடியிருக்கின்றனவா?

தடுப்பு இருந்தால் படம் எடுத்து, இடைவெளி எத்தனை செ.மீ. என்று குறித்து நகராண்மைக்கு எழுதுங்கள். “வசதி இல்லை” என்று மட்டும் எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது.

ஆறு மணிக்கு வரச் சொல்வது

தமிழ்நாட்டுக் காணொளியில் சொன்ன நேரம் அது. இங்கே சூரியன் எழுவதே ஏழு மணிக்குப் பிறகுதான். மூத்தவர்களை இருட்டில் நடக்க விடாதீர்கள்.

வெறும் வயிறு

2023 தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் ஆறு பெரியவர்களில் ஒருவருக்கு நீரிழிவு. இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கடைசியில் நடப்பவரின் பையில் மிட்டாய் இருக்கட்டும். அப்படிக் கடைசியில் நடக்க ஓர் ஆள் வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதல் நடைக்கே தெலுக் பஹாங்

வேண்டாம். அங்குள்ள தேசியப் பூங்காவில் பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குப் போகும் பாதை காட்டு ஏற்றம்.

நடந்ததும் கலைந்துவிடுவது

பாதிப்பேர் வருவதே பேச்சுத்துணைக்குத்தான். தே தாரிக் குடிக்கட்டும், சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி. ஆனால் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது ரொட்டி சானாயின் ருசியோடு, அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) எத்தனை படி என்பதையும் பாருங்கள்.