சலோமி: படத்தைப் பார்த்து பைபிளைச் சொல்லாதீர்கள்

போன வாரம் ஓவிய மாணவர்கள் நான்கு பேர் சலோமியைப் பற்றிப் பேசினார்கள். ஏரோது மன்னன் முன் ஆடி, பரிசாகத் திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்டவள் என்று அறியப்படுபவள். நான் இருபது வருடத்துக்கு முன் செய்த அதே தவறுகள். ஓவியர் பெயரும் ஆண்டும் மாறிப்போவதையெல்லாம் விடுங்கள், அவை தானாகச் சரியாகிவிடும்.

ஏழு திரை நடனம்

இதுதான் எனக்கு இன்னும் ஆறாதது. ஒரு கண்காட்சிக் கையேட்டில், 'பைபிளில் சலோமி ஏழு திரைகளைக் களைந்தபடி ஆடுகிறாள்' என்று எழுதியிருந்தேன். அச்சாகி வந்ததும் ஒரு பெரியவர் பைபிளும் கையுமாக வந்து, "தம்பி, எந்த அதிகாரம்?" என்றார். 300 பிரதியிலும் ஒட்டுச்சீட்டு ஒட்டினேன், என் செலவில்.

பைபிளில் மாற்கு எழுதிய நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், ஏரோதின் பிறந்தநாள் விருந்தில் அவன் மனைவி ஏரோதியாவின் மகள் ஆடுகிறாள். எப்படி ஆடினாள் என்று ஒரு சொல் இல்லை. பெயரும் இல்லை. பெயரைச் சொல்பவர் யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸ். அவரோ நடனத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. கலகத்துக்குப் பயந்து ஏரோது யோவானை மக்கேருஸ் கோட்டையில் கொன்றான் என்கிறார். ஏழு திரை என்பது 1893இல் அச்சான ஆஸ்கர் வைல்டின் நாடகத்தில் ஒற்றை வரி மேடைக்குறிப்பு. 1905இல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ஓபரா அதை மேடையில் ஆடவிட்டது. அப்புறம் எல்லோரும் பைபிளிலேயே படித்ததாக நினைத்துக்கொண்டார்கள், நானும்தான்.

மாற்கு அவளைக் 'கொராசியோன்' என்கிறார்: சின்னப் பெண். முந்தைய அதிகாரத்தில் யாயீரின் பன்னிரண்டு வயது மகளுக்கும் இதே கிரேக்கச் சொல்தான். கேட்டதைத் தருவதாக ஏரோது சொன்னதும், என்ன கேட்பதென்று தெரியாமல் இவள் அம்மாவிடம் ஓடுகிறாள். அம்மா சொன்னது யோவானின் தலையை மட்டும். 'ஒரு தட்டில்' என்பது பிள்ளையே சேர்த்தது. மோகினி வேஷத்தைவிட இது எவ்வளவு பயங்கரம்!

வெட்டுண்ட தலை என்றாலே சலோமி இல்லை

வாளும் பையும் இருந்தால் அவள் யூதித்து, தலை அவள் வெட்டிய எதிரிப் படைத்தலைவன் ஒலோபெரினுடையது. தட்டு என்றால் பெரும்பாலும் சலோமி. இத்தாலிய ஓவியர் பிரான்செஸ்கோ மாஃபெயின் ஓவியத்தில் வாள், தட்டு இரண்டும் உண்டு. கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி அதை யூதித்து என்றே முடிவு செய்தார்: யூதித்துக்குத் தட்டு கொடுத்த ஓவியர்கள் இருந்தார்கள், சலோமிக்கு வாள் கொடுத்தவர் இல்லை.

இயேசுவின் கல்லறைக்குப் போன சலோமி

வேறு ஆள்.

அவள் சாவு

பனிக்கட்டி உடைந்து கழுத்தை அறுத்தது என்பது பிற்காலக் கட்டுக்கதை. ஜொசீஃபஸ் கணக்கில் அவள் இரண்டு முறை மணந்து மூன்று மகன்களைப் பெற்றாள். இரண்டாம் கணவன் அரிஸ்டோபுலஸ் சிற்றார்மீனியாவின் அரசன். அவன் வெளியிட்ட காசில் அவள் முகம் இருக்கிறது. நான்கு மாணவர்களில் ஒருவர்கூட அந்தக் காசைக் காட்டவில்லை.