சின்ன ஏர்போர்ட்டில் இறங்கிய பிறகு ஊருக்குள் போக

சின்ன விமானத்தை நாமே ஓட்டிப் போய் இறங்கும் சின்ன ஏர்போர்ட் வாசலில் டாக்சி நிற்காது. முந்தைய நாளே அங்கே போன் போட்டு மூன்று விஷயம் கேட்டுவிடுவேன்: விமானிகளுக்கு அங்கேயே தரும் இரவல் கார் உண்டா, அலுவலகத்தை எப்போது பூட்டுவார்கள், கேட் பூட்டின் எண் என்ன. கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளியே போவது சுலபம், திரும்பி உள்ளே வரத்தான் எண் வேண்டும்.

இரவல் கார் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்துக்குத்தான். பெட்ரோல் போட்டுத் திருப்பிக் கொடுப்பது மரியாதை. ராத்தங்கல் என்றால் வாடகைக் காரே நல்லது. ஆப்பில் டாக்சி கூப்பிட்டால் மேப் குறி சில சமயம் ஓடுபாதைக்கு மறுபக்கம் விழும். கையால் நகர்த்தி கேட்டில் வையுங்கள்.

எனக்குச் சரிப்பட்டது மடக்கு சைக்கிள். ஒன்று சுமார் 12 கிலோ. செஸ்னா 172 என்ற நான்கு இருக்கை விமானத்தின் பல மாடல்களில் லக்கேஜ் பகுதியின் முன்பக்கத்துக்கு 54 கிலோ வரை, பின்பக்கத்துக்கு 23 கிலோ வரை. இரண்டும் சேர்ந்தாலும் 54-தான். இரண்டு சைக்கிள் ஏற்றினால் ஈர்ப்பு மையம் பின்னால் போகும், எடைக் கணக்கை மறுபடி போட வேண்டும். செயின் பக்கம் மேலே இருக்கும்படி உறையில் போட்டு, வலையால் இறுக்கிக் கட்டுங்கள். குலுக்கலில் அவிழ்ந்தால் நேரே பிடரிக்குத்தான் வரும். பேட்டரி சைக்கிள் மட்டும் வேண்டாம்: லித்தியம் பேட்டரி பறக்கும்போது தீப்பிடித்தால், ஓட்டுபவர் கை அங்கே எட்டாது.