தாடை நீர்க்கட்டி: தையல் பிரித்ததோடு வேலை முடிவதில்லை

தாடை எலும்புக்குள் வளரும் நீர்க்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில்தான் பலருக்குத் தெரியவரும். "வலியே இல்லையே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவது முதல் தவறு. கட்டி மெதுவாகப் பெருத்து எலும்பை மெலிய வைக்கும். ரொம்ப முற்றினால் லேசான அடிக்கே தாடை உடையலாம். வீங்கும்போதெல்லாம் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதும் அதே ரகம்தான். சீழ் வற்றும், கட்டியின் உறை அப்படியே இருக்கும்.

எடுத்த கட்டியைப் பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பாமல் காசை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத சிக்கனம். செத்த பல்லின் வேர்நுனியில் வரும் சாதாரணக் கட்டி, முழுதாக எடுத்து அந்தப் பல்லையும் கவனித்துவிட்டால் பொதுவாகத் திரும்பாது. கெரட்டோசிஸ்ட் என்ற இன்னொரு வகைக் கட்டி அப்படியல்ல. அதன் உறை மெல்லியது. கிழிந்து ஒரு துணுக்கு தங்கினாலும் ஆண்டுகள் கழித்து முளைக்கும். குறைந்தது 5 ஆண்டுகளாவது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம் என்பதால், ரிப்போர்ட்தான் வழிகாட்டி.

பெரிய கட்டி என்றால் சிலருக்கு முழுவதையும் எடுக்காமல், வாய்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்து விடுவார்கள். 1892-ல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் பார்ட்ஷ் விவரித்த முறை இது. உள்ளழுத்தம் குறைய, சுற்றிலும் எலும்பு வளர்ந்து குழி சுருங்கும். நரம்பும் பிள்ளைகளின் முளைக்காத பல்லும் தப்பிக்கும். ஆனால் இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதிகம் சொதப்புவதும் இங்கேதான். சாப்பிட்ட பிறகு சிரிஞ்சால் கழுவாவிட்டால் சோறு தங்கி அழுகும். உறுத்துகிறதே என்று, திறப்பில் செருகிய அடைப்பைக் கழற்றி வைத்தால் ஜன்னல் மூடிக்கொண்டு, மறுபடி கட்டி பெருக்கும்.

முழுதாக எடுத்தவர்களோ, ஈறு ஆறியதும் எல்லாம் ஆறிவிட்டதாக நினைத்து முறுக்கு, எலும்பு என்று கடிக்கத் தொடங்குகிறார்கள். ஈறு ஓரிரு வாரத்தில் மூடும். குழியில் எலும்பு நிரம்ப 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை பிடிக்கும். சிறிய குழிக்குச் செயற்கை எலும்பு பெரும்பாலும் தேவையில்லை, உறைந்த ரத்தமே போதும். அதனால் முதல் நாள் வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் மறுநாளிலிருந்து. சிகரெட் அறவே கூடாது.

கீழுதடு மரத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் மெல்லச் சரியாகும். அதுவரை காபியை ஆற்றிக் குடியுங்கள், சுட்டாலும் தெரியாது.