அமெரிக்க நர்சிங் ஹோமில் பெற்றோர்: குறையை எப்படிச் சொன்னால் அரசின் கணக்கில் ஏறும்?

தமிழ்நாட்டில் நர்சிங் ஹோம் என்றால் பத்து, இருபது படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அது வேறு. இடுப்பு எலும்பு முறிந்தோ, பக்கவாதம் வந்தோ, மறதி நோய் முற்றியோ வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்கள் வாரக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கும் இடம். அசிஸ்டட் லிவிங் என்பது இன்னொன்று: குளிக்க, உடுத்த, மாத்திரை எடுக்க உதவி வேண்டும், நாள் முழுக்க நர்ஸ் தேவையில்லை என்பவர்களுக்கு. இந்த வேறுபாட்டை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்டு ஆகியவற்றிடம் பணம் வாங்கும் நர்சிங் ஹோமுக்குக் கூட்டரசின் விதிகள் உண்டு. அசிஸ்டட் லிவிங்குக்கு அந்தந்த மாநிலம் வைத்ததுதான் சட்டம். கீழே சொல்லும் நாள் கணக்கெல்லாம் நர்சிங் ஹோமுக்கு உரியது.

இரண்டு வகை இடங்களிலும் தங்கியிருப்பவர்களுக்காகப் பேசுவதற்கென்றே ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் அலுவலகம் இருக்கிறது. லாங் டேர்ம் கேர் ஆம்பட்ஸ்மேன் என்பார்கள். நம் ஊர் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு இருக்கும் அதே பெயர்தான். 1972-ல் சில மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கியது. 1978-ல் முதியோர் சட்டத்தைத் திருத்தி எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். கட்டணம் இல்லை, வருமானச் சான்று கேட்பதில்லை. மகன், மருமகள், பக்கத்து அறைக்காரர், அங்கே வேலை பார்ப்பவர், யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். தொடர்பு எண்ணை இல்லத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். காணவில்லை என்றால் எல்டர்கேர் லொக்கேட்டர் என்ற அரசு உதவி எண்ணில் (1-800-677-1116) ஊரைச் சொல்லிக் கேளுங்கள். யாராவது அடித்துவிட்டார்கள், உயிருக்கு ஆபத்து என்றால் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம்; முதலில் 911.

குறைதீர்ப்பாளரால் அபராதம் போட முடியாது, உரிமத்தைப் பறிக்கவும் முடியாது. அது மாநில ஆய்வுத் துறையின் வேலை. பெரும்பாலும் சுகாதாரத் துறைக்குக் கீழே இருக்கும். புதிதாக வந்தவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். குறைதீர்ப்பாளரிடம் சொன்ன பிறகு ஆய்வாளர் வருவார் என்று மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். உங்கள் அம்மா சம்மதிக்காமல் அவருடைய பெயரையோ விவரத்தையோ குறைதீர்ப்பாளர் வேறு துறைக்குக் கொடுப்பதில்லை. சட்டமே அப்படித்தான் கட்டுப்படுத்துகிறது. ஆய்வாளரும் வர வேண்டும் என்றால் ஆய்வுத் துறைக்குத் தனியாக ஒரு புகார் கொடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் மனம் நோகும். நீங்கள் மகனாக இருந்தாலும், கூப்பிட்டது நீங்களே ஆனாலும், குறைதீர்ப்பாளர் அம்மாவிடம்தான் போய் நிற்பார், முடிந்தவரை தனியாக. அம்மாவுக்கு என்ன வேண்டுமோ அதற்குத்தான் அவர் பேசுவார். அம்மா சொந்தமாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால்தான் சட்டப்படியான பிரதிநிதியின் சொல் எடுபடும். நம் வீட்டுப் பெரியவர்களைத் தெரியுமே: ‘ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் பாத்துக்கறாங்க’ என்பார்கள். அதோடு விஷயம் முடிந்துவிடும். அதனால் வருகைக்கு முன்பே அம்மாவிடம் மூன்று விஷயங்களைச் சொல்லி வையுங்கள். வருபவர் இல்லத்து ஆளும் இல்லை, போலீஸும் இல்லை. அம்மா சரி என்று சொல்லாமல் அம்மாவின் பேச்சு வெளியே போகாது. குறை சொன்னதற்காக இல்லம் அவரைப் பழிவாங்குவது சட்டவிரோதம். மொழிபெயர்ப்பாளரையும் முன்கூட்டியே கேளுங்கள், ‘தமிழ்’ என்று மொழியின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ‘இந்தியர்’ என்று மட்டும் எழுதினால் இந்தி பேசுபவர் தொலைபேசியில் வந்து நிற்பார். நீங்களே மொழிபெயர்த்தால் அம்மா உங்களுக்காகச் சிலதை விழுங்கிவிடுவார்.

இனி கணக்குக்கு வருவோம். இந்த அலுவலகங்கள் கையாளும் ஒவ்வொரு முறையீடும் தேசிய ஆம்பட்ஸ்மேன் அறிக்கை அமைப்பு என்ற கூட்டரசுப் பதிவில் ஏறுகிறது. சுருக்கமாக ‘நோர்ஸ்’. அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஓர் ஆண்டு. நாடு முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் முறையீடுகள். ஏ முதல் எல் வரை 12 பிரிவுகள்: ஏ என்றால் கொடுமை, சுரண்டல், சி என்றால் சேர்ப்பதும் வெளியேற்றுவதும், டி உரிமைகள், எஃப் பராமரிப்பு, எச் உணவு. எந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும், எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று மாநிலமும் வாஷிங்டனும் பார்ப்பது இந்த எண்களைத்தான். நம் பெரியவர்களின் கஷ்டம் அதில் ஏறாவிட்டால் காகிதத்தில் அது நடக்கவே இல்லை.

‘இப்படிச் செய்யலாமா, எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?’ என்று கேட்டு நன்றி சொல்லி வைத்துவிட்டால் அது தகவல் உதவி என்றுதான் பதிவாகும். ‘இதை முறையீடாக எடுத்து விசாரியுங்கள்’ என்று சொன்னால்தான் வழக்கு திறக்கும். ஒரு வழக்குக்குள் பல முறையீடுகள் இருக்கலாம், ஒவ்வொன்றும் தனியாக எண்ணப்படும். ஆகவே ‘அம்மாவைச் சரியாகக் கவனிப்பதில்லை’ என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். ‘மார்ச் 3, இரவு 9.10-க்கு மணி அடித்தார், 9.55-க்குத்தான் ஆள் வந்தது’ என்பது ஒன்று. ‘சைவம் என்று எழுதிக் கொடுத்தும் இந்த வாரம் நான்கு நாள் தட்டில் மாட்டுக்கறி வந்தது’ என்பது இன்னொன்று. ‘பராமரிப்புத் திட்டக் கூட்டத்தை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நடத்தினார்கள்’ என்பது மூன்றாவது. கட்டிலருகே ஒரு சின்ன நோட்டு வைத்து தேதி, மணி, வந்தவரின் முதல் பெயர், என்ன சொன்னார் என்று எழுதிவந்தால் போதும். அம்மாவின் மருத்துவப் பதிவுகளை, வாரஇறுதி, விடுமுறை நாட்கள் நீங்கலாக, கேட்ட 24 மணி நேரத்துக்குள் பார்க்க அனுமதிக்க வேண்டும். நகல் கேட்டால் இரண்டு வேலை நாள்.

நோர்ஸ் எண்களைப் பார்த்து இல்லம் தேர்ந்தெடுக்க முடியாது. வெளியிடப்படும் எண்கள் மாநில வாரியானவை, இல்லத்தின் பெயர் இருக்காது. முறையீடு குறைந்த மாநிலம் நல்ல மாநிலம் என்றும் அர்த்தமில்லை. குறைதீர்ப்பாளர்கள் போய்ப் பார்க்காத இடத்திலிருந்து முறையீடு எப்படி வரும்? தனி இல்லத்தைப் பற்றி அறிய மெடிகேரின் கேர் கம்பேர் தளத்துக்குப் போங்கள். அங்கே தரும் நட்சத்திர மதிப்பீட்டோடு நிறுத்தாமல் ஆய்வறிக்கையைத் திறந்து படியுங்கள். சி.எம்.எஸ்-2567 என்ற படிவம் அது. இல்லத்திலேயே கடைசி ஆய்வின் முடிவு யாரையும் கேட்காமல் எடுத்துப் படிக்கும்படி வைக்கப்பட்டிருக்க வேண்டும்; முந்தைய மூன்று ஆண்டு அறிக்கைகளைக் கேட்டால் காட்ட வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் அதிலும் ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து உண்டு. நோர்ஸ் எழுத்துகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இவை தீவிரத்தைக் காட்டுபவை. ஜி-யிலிருந்து உண்மையிலேயே ஒருவருக்குத் தீங்கு நடந்திருக்கிறது. ஜே, கே, எல் என்றால் உடனடி ஆபத்து.

நர்சிங் ஹோம் முறையீடுகளில் பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்பது வெளியேற்றம். புதிதாக வந்த குடும்பங்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகின்றன. ‘மெடிகேர் முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை கூட்டிப்போங்கள்’ என்பார்கள். இங்கே இரண்டு காகிதங்கள் கலந்துவிடுகின்றன. மெடிகேர் இனி பணம் தராது என்ற அறிவிப்பு ஒன்று. அதை எதிர்க்க வேண்டுமென்றால் பணம் நிற்கும் நாளுக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள், அதிலுள்ள எண்ணில் கூப்பிட வேண்டும். ஒரு மணி நேரம் தவறினாலும் விரைவு மேல்முறையீடு கை நழுவும். வெளியேற்ற அறிவிப்பு வேறு. அது எழுத்தில், அம்மாவுக்குப் புரியும் மொழியில், பொதுவாக 30 நாள் முன்பாக வர வேண்டும். காரணம், தேதி, எங்கே அனுப்புகிறார்கள், மேல்முறையீடு செய்வது எப்படி என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஒரு பிரதி குறைதீர்ப்பாளருக்கும் போக வேண்டும். விதி ஏற்கும் காரணங்கள் ஆறு மட்டுமே. மெடிகேர் நின்றது அவற்றில் இல்லை. பண விஷயத்தில், உரிய அறிவிப்பு கொடுத்தும் பணம் கட்டாததுதான் காரணமாகும். மெடிகெய்டுக்கு விண்ணப்பித்து முடிவு வராமல் இருப்பது பணம் கட்டாததாகாது. காலத்தில் மேல்முறையீடு செய்துவிட்டால், பிறருக்கு ஆபத்து போன்ற நிலை தவிர, தீர்ப்பு வரும்வரை வெளியேற்றக் கூடாது. வாய்வார்த்தையை நம்பி நீங்களே பெட்டியைக் கட்டிவிட்டால் இந்தப் பாதுகாப்பு ஒன்றும் கைகொடுக்காது.

சேர்க்கும் நாளில் நீட்டும் கட்டுக் காகிதத்தில் இரண்டு இடம் பாருங்கள். மகனோ மகளோ தன் சொந்தப் பணத்திலிருந்து கட்டப் பொறுப்பேற்க வேண்டும் என்று நிபந்தனை போட இல்லத்துக்கு உரிமையில்லை. அம்மாவின் பணத்தைக் கையாள்பவராக மட்டும் கையெழுத்திடலாம். நீதிமன்றத்துக்குப் போக மாட்டோம் என்ற சமரச ஒப்பந்தமும் கட்டாயமில்லை, தெரியாமல் போட்டுவிட்டாலும் 30 நாளுக்குள் திரும்பப் பெறலாம்.

வழக்கை மூடும்போது குறைதீர்ப்பாளர் ஒவ்வொரு முறையீட்டுக்கும் ஒரு முடிவு எழுதுவார்: முழுதாகவோ ஓரளவோ தீர்ந்தது, திரும்பப் பெறப்பட்டது, தீரவில்லை. தீர்ந்ததா என்பதை அளப்பது தங்கியிருப்பவரின் திருப்திதான், இல்லத்து மேலாளரின் விளக்கம் இல்லை. என்ன எழுதப் போகிறார் என்று கேளுங்கள். மணி அடித்தால் இன்னும் நாற்பது நிமிடம் ஆகிறது என்றால், ‘தீரவில்லை’ என்று அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள்.